முதலில் நடக்க வேண்டியவர் யார்?

1989ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஃபிராங்க் சிக்கானே என்ற தென்னாப்பிரிக்கப் போதகர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குப் போனார். அவருடைய மனைவி அங்கே படித்துக்கொண்டிருந்தார். போன இடத்தில் திடீரென்று மூச்சு முட்டியது, வாந்தி எடுத்தார், உடல் நடுங்கியது. மருத்துவமனையில் சேர்த்தால் தேறிவிடுவார்; வெளியே வந்த கொஞ்ச நாளில் மறுபடியும் படுத்துவிடுவார். பல்கலைக்கழக மருத்துவர்கள் கடைசியில் காரணத்தைப் பிடித்தார்கள். பூச்சிமருந்துகளில் இருக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சு. அது சாப்பாட்டில் கலந்திருக்கவில்லை. அவர் பெட்டியில் கொண்டுபோயிருந்த துணிகளில் தடவப்பட்டிருந்தது.

சிக்கானே அப்போது தென்னாப்பிரிக்கத் திருச்சபைகள் மன்றத்தின் பொதுச் செயலாளர். முந்தைய ஆண்டு ஆகஸ்டு 31 அன்று ஜொகனஸ்பர்க்கில் அந்த மன்றத்தின் தலைமையகமான கோட்சோ ஹவுஸ் வெடிகுண்டால் தகர்க்கப்பட்டது. காவல்துறை அப்போது அட்ரியான் ஃபிளாக் என்ற அமைச்சரின் கையில் இருந்தது. குண்டு வைத்தவர்கள் அவருடைய துறையைச் சேர்ந்தவர்களே என்பது பின்னாளில் அவர் வாயாலேயே வெளிவந்தது. சிக்கானே பெந்தெகொஸ்தே மரபில் வந்த அப்போஸ்தல விசுவாச மிஷனின் போதகர். ஃபிளாக் டச்சு சீர்திருத்தச் சபையில் வளர்ந்தவர். இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஒரே வேதத்தைக் கையில் பிடித்தவர்கள்.

கிறிஸ்தவர்களுக்குள் மன்னிப்பும் ஒப்புரவும் எப்படி நடக்கின்றன, எங்கே தடுக்கி விழுகின்றன என்பதைப் பார்க்கத் தென்னாப்பிரிக்காவைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை. அங்கே அடித்தவரும் அடிபட்டவரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே சங்கீதத்தைப் பாடினார்கள். அவிசுவாசிகள் செய்த கொடுமை என்று கைகழுவிவிட அங்கே யாருக்கும் வழி இல்லை.

நம் பிரசங்கங்களில் மன்னிப்பு என்ற தலைப்பு வந்தால் யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அடிபட்டவரைப் பார்த்துத்தான். ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்னார் அல்லவா, கசப்பு வேர் முளைக்க விடாதீர்கள், பாரத்தை ஆண்டவர்மேல் வைத்துவிடுங்கள் என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அடித்தவர் அதே ஆராதனையில் நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பார். அவருக்கென்று அன்றைக்கு ஒரு வசனமும் வாசிக்கப்படாது.

ஆனால் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு பேசுவது அவரிடம்தான். பலிபீடத்தண்டையில் காணிக்கையோடு நிற்கிறாய், உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று அங்கே நினைவுக்கு வருகிறது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு ஒப்புரவாகு என்பது அதன் சாரம். இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலிலேயர்கள். பலிபீடம் எருசலேமில் இருந்தது. நடுவே சில நாள் நடை. காணிக்கைக்குக் கொண்டுவந்ததை அப்படியே விட்டுவிட்டு ஊர் திரும்பி, வழக்கைத் தீர்த்துவிட்டு, மறுபடியும் அத்தனை தூரம் நடந்து வர வேண்டும். அந்தக் கூட்டத்தில் ஒருவராவது சிரித்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவ்வளவு நடைமுறைக்கு ஒவ்வாத கட்டளை அது. அந்தச் சிரமம் முழுவதும் விழுவது பிழை செய்தவனின் கால்களில்.

வேதத்தின் மற்ற இடங்களும் இதற்கு ஒத்தே போகின்றன. லேவியராகமத்தின் குற்றநிவாரண பலியில், பிறனுடைய பொருளை வஞ்சித்து எடுத்தவன் முதலைத் திருப்பிக் கொடுத்து, அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுக்க வேண்டும். ஆசாரியன் பாவநிவர்த்தி செய்வது அதற்குப் பிறகு. சகேயு தன் வீட்டில் எழுந்து நின்று நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகச் சொன்ன பிறகே அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததாக இயேசு அறிவிக்கிறார். லூக்கா பதினேழாம் அதிகாரத்தில் மன்னிக்கச் சொல்லுமுன் கடிந்துகொள்ளச் சொல்கிறார். அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னி என்று ஒரு நிபந்தனையும் அங்கே இருக்கிறது. ஏழெழுபது தரம் என்ற பேச்சு வரும் மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்திலும் அதற்குச் சற்று முன்னால் ஒரு நடைமுறை சொல்லப்படுகிறது. முதலில் தனியே போய்ப் பேசு, கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் மசியாவிட்டால் சபைக்குச் சொல். இங்கே நடப்பவர் பாதிக்கப்பட்டவர். ஆனால் அவர் மன்னிப்பை நீட்டிக்கொண்டு போகவில்லை, குற்றத்தை எடுத்துச் சொல்லப் போகிறார்.

மறுபக்கமும் உண்டு. ஜெபிக்க நிற்கும்போது யார்பேரிலாவது குறை இருந்தால் மன்னியுங்கள் என்று மாற்கு பதினோராம் அதிகாரம் சொல்கிறது. எதிராளி வர வேண்டும், அழ வேண்டும் என்ற எந்த நிபந்தனையும் அங்கே இல்லை. ஆகவே இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். மன்னிப்பை ஒருவர் தனியே செய்துவிடலாம். ஒப்புரவுக்கு இருவர் வேண்டும். அவர்களில் பிழை செய்தவர் எழுந்து வர வேண்டும்.

இந்தப் பிரிவினைக்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், ஜீப்பில் தூங்கிக்கொண்டிருந்த கிரஹாம் ஸ்டெயின்ஸையும் பிலிப், திமொத்தேயு என்ற அவருடைய இரண்டு சிறு பையன்களையும் ஒரு கும்பல் எரித்துக் கொன்றது. தொழுநோயாளிகளிடையே பணிசெய்த குடும்பம் அது. கணவனையும் பிள்ளைகளையும் இழந்த கிளாடிஸ் ஸ்டெயின்ஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக உலகறியச் சொன்னார். சட்டம் தன் வேலையைச் செய்வது வேறு விஷயம் என்பதையும் அவர் தெளிவாகவே வைத்திருந்தார். அந்தக் கும்பலுக்குத் தலைமைதாங்கிய தாரா சிங்குக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை உயர் நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது; உச்ச நீதிமன்றம் 2011இல் அதை உறுதிசெய்தது. கிளாடிஸ் செய்தது முழுமையான மன்னிப்பு, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் அங்கே ஒப்புரவு நடந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. வர வேண்டியவர்கள் வரவில்லை.

ஆதித் திருச்சபை இந்த இரண்டாவது வேலையை எவ்வளவு கடினமாக எடுத்துக்கொண்டது என்பதை இன்று நினைத்துப் பார்ப்பதே சிரமம். கொலை, விபசாரம், விசுவாச மறுதலிப்பு போன்ற பெரும் பாவங்களைச் செய்தவர்கள் திருவிருந்திலிருந்து விலக்கப்பட்டு, ஊரறியத் தவம் செய்தார்கள். அந்த வாய்ப்பும் வாழ்நாளில் ஒருமுறைதான். ரோமாபுரியில் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் நாள் பெரிய வியாழன். பிறகு அயர்லாந்துத் துறவிகள் வழியாகத் தனியே ஒரு குருவிடம் அறிக்கையிடும் வழக்கம் பரவியது. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் அதை ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டிய கடமையாக்கியது. சீர்திருத்தக்காரர்கள் குருவையும் நடுவிலிருந்து விலக்கி, பாவியைத் தேவனுக்கு முன் தனியே நிறுத்தினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயம் இருந்தது. மனிதரின் அந்தரங்கத்தைக் காப்பாற்றிய மாற்றங்கள் அவை. ஆனால் ஒவ்வொரு படியிலும், யாருக்குத் தீங்கு செய்தோமோ அந்த ஆள் காட்சியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போனார். எனக்கும் தேவனுக்கும் இடையிலான கணக்கு தீர்ந்துவிட்டது என்று ஒருவர் நிம்மதியாகத் தூங்கலாம், அவர் ஏமாற்றிய தம்பி பக்கத்து வீட்டில் விழித்துக் கிடந்தாலும்.

தென்னாப்பிரிக்கச் சபைகளின் கதை திருவிருந்து மேசையிலிருந்துதான் தொடங்குகிறது. கேப் குடியேற்றத்தின் டச்சு சீர்திருத்தச் சபை 1829இல் நிறம் பார்க்காமல் எல்லாருக்கும் ஒன்றாகவே திருவிருந்து கொடுக்க வேண்டும் என்று முடிவுசெய்திருந்தது. 1857இல் அதே சபையின் மாமன்றம் ஒரு விதிவிலக்கைச் சேர்த்தது. எல்லாரும் ஒரே சபையில் கூடுவதுதான் வேதத்துக்கு ஏற்றது, ஆயினும் சிலருடைய பலவீனத்தின் காரணமாக அது ஊழியத்துக்குத் தடையாக இருக்குமானால், புறஜாதியாரிலிருந்து வந்தவர்கள் தனிக் கட்டடத்தில் கூடலாம் என்றது. பலவீனர் யார்? கறுப்பு விசுவாசிக்குப் பக்கத்தில் உட்கார முடியாத வெள்ளை விசுவாசி. அவருடைய மனக்கூச்சத்தை மதித்து ஒரு சலுகை, அவ்வளவுதான். 1881இல் அந்தச் சலுகை தனிச் சபையாகவே வளர்ந்து, கலப்பினத்தாருக்கென்று டச்சு சீர்திருத்த மிஷன் சபை பிறந்தது. 1948இல் இனஒதுக்கல் நாட்டின் சட்டமானபோது, அதற்கு வேண்டிய இறையியல் ஏற்கெனவே தயாராக இருந்தது.

தமிழ்க் கிறிஸ்தவ வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த 1857 வேற்றூர்ச் செய்தியாகப் படாது. தரங்கம்பாடி, தஞ்சைச் சபைகளில் சாதிவாரியாகத் தனி இருக்கையும், சில இடங்களில் தனிக் கிண்ணமும் இருந்தன. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் இந்த வழக்கத்தை உடனடியாக, அடியோடு கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். புதிதாக வந்த மிஷனரிகள் சாதி வழக்கத்தில் கைவைத்ததை எதிர்த்து எழுதியவர்களில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். அவருடைய பாடல்களை இன்றும் நாம் உருகிப் பாடுகிறோம். பாட வேண்டியவைதான், இதையும் தெரிந்துகொண்டு பாடலாம்.

1985இல் தென்னாப்பிரிக்கா அவசர நிலைக்குள் இருந்தபோது கைரோஸ் ஆவணம் வெளிவந்தது. சிக்கானே அப்போது பொறுப்பு வகித்த சூழல்சார் இறையியல் நிறுவனத்தை மையமாகக் கொண்டு, கறுப்பர் குடியிருப்புகளில் ஊழியம் செய்த போதகர்களும் இறையியலாளர்களும் சேர்ந்து எழுதியது அது. அரசுக்குச் சாமரம் வீசிய இறையியலை அது கண்டித்தது எதிர்பார்க்கக்கூடியதே. கூர்மையான பகுதி வேறு. இனஒதுக்கலைக் கண்டித்துக்கொண்டே, இரு தரப்பும் விட்டுக்கொடுத்து ஒப்புரவாகுங்கள் என்று பொதுவாகப் பேசிய நல்ல சபைகளை அது பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் துப்பாக்கியும் மறுபக்கம் பிணமும் இருக்கும்போது நடுவில் நின்று சமாதானம் பேசுவது கிறிஸ்தவ ஒப்புரவு ஆகாது, மனந்திரும்பாதவரோடு ஒப்புரவு கேட்பது பாவத்துக்குத் துணைபோவது என்பது அதன் வாதம். அன்றைய பேராயர்கள் பலருக்கு இது கசந்தது. மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தோடு வைத்துப் பார்த்தால் இதில் புதுமையே இல்லை.

1990 நவம்பரில் ரஸ்டன்பர்க் நகரில் நாட்டின் ஏறக்குறைய எல்லாச் சபைகளும் ஒரு மாநாட்டில் கூடின. அதைக் கூட்டியவர்கள் இருவர்: ஒருவர் லோவ் ஆல்பர்ட்ஸ் என்ற வெள்ளையர், மற்றவர், ஓராண்டுக்கு முன் நஞ்சிலிருந்து உயிர்தப்பிய சிக்கானே. அங்கே ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக இறையியல் பேராசிரியர் வில்லி யோங்கர் தம் கட்டுரையின் நடுவே நின்று, தம்முடைய பாவத்தையும், தம் சபையான டச்சு சீர்திருத்தச் சபையும் ஆப்ரிக்கானர் மக்களும் செய்த பாவத்தையும் அறிக்கையிட்டார். பேராயர் டெஸ்மண்ட் டூட்டூ எழுந்து, அறிக்கையிடுகிறவர்களை மன்னிக்கும் கடமை நமக்கு உண்டு என்று சொல்லி அதை ஏற்றுக்கொண்டார்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் நல்ல பிரசங்கம் கிடைத்துவிடும். ஆனால் அன்றைக்கு அரங்கத்தில் சலசலப்பு இருந்தது. டூட்டூ ஆங்கிலிக்கன் பேராயர். டச்சு சீர்திருத்தச் சபை தனி மேசைக்குத் தள்ளிய மக்கள் மிஷன் சபையில் இருந்தார்கள். எங்களுக்காக மன்னிக்க இவர் யார் என்று அவர்களில் சிலர் கேட்டார்கள். அறிக்கையிட்டவர் எதைத் திருப்பிக் கொடுக்கப்போகிறார் என்ற கேள்வியும் எழுந்தது. மறுபுறம், யோங்கரின் அறிக்கை தங்களுடைய நிலையும் ஆகும் என்று டச்சு சீர்திருத்தச் சபையின் பிரதிநிதிகள் மறுநாள் உறுதிசெய்தார்கள். பதவியிழந்து ஓய்வில் இருந்த முன்னாள் அதிபர் பி. டபிள்யூ. போத்தா அந்தச் சபையின் தலைவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். இந்த இரண்டு எதிர்ப்புகளும் ஒரே தரத்தவை அல்ல. போத்தாவின் கோபம் அறிக்கையிட்டதற்காக. மிஷன் சபையாரின் கோபம் அறிக்கையோடு நின்றுவிடக் கூடாதே என்பதற்காக. மாநாட்டின் இறுதிப் பிரகடனம் பின்னவர்களின் பேச்சுக்குச் செவிகொடுத்து, நிலத்தைத் திருப்பித் தருவதையும் ஈடுசெய்வதையும் எழுத்தில் சேர்த்தது.

சிக்கானேயின் சொந்தச் சபையில் நடந்தது வெளியே அதிகம் பேசப்படவில்லை. எழுபதுகளின் இறுதியில் காவல்துறை அவரைப் பிடித்துவைத்துச் சித்திரவதை செய்தபோது, அதை நடத்தியவர்களில் ஒருவர் அவருடைய அப்போஸ்தல விசுவாச மிஷனின் வெள்ளையர் பிரிவில் பொறுப்பு வகித்தவர் என்று சிக்கானே எழுதியிருக்கிறார். அந்த மிஷனே பின்னர் அரசியலில் ஈடுபட்டார் என்று சொல்லி அவரை ஊழியத்திலிருந்து இடைநீக்கம் செய்தது. அடித்தவர் சபைக்குள் இருந்தார், அடிபட்டவர் வெளியே நின்றார். 1996இல் அந்த மிஷனின் வெள்ளை, கறுப்புப் பிரிவுகள் ஒன்றாக இணைந்தன. தலைவர் வெள்ளையரான ஐசக் பர்கர், துணைத்தலைவர் சிக்கானே. அறிக்கையோடு பதவியும் அதிகாரமும் பகிரப்பட்டதால் அந்த இணைப்பு நிலைத்தது என்று நான் நினைக்கிறேன்.

அதே ஆண்டு டூட்டூவின் தலைமையில் உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம் விசாரணைகளைத் தொடங்கியது. அங்கி அணிந்த பேராயர் ஜெபத்தோடு தொடங்கிவைத்ததால் உலகம் அதை ஒரு கிறிஸ்தவச் சடங்காகவே பார்த்தது. சட்டம் அப்படி இல்லை. பொதுமன்னிப்புக் கேட்டவர் அரசியல் நோக்கத்தோடு செய்ததை நிரூபிக்க வேண்டும், நடந்ததை முழுக்கச் சொல்ல வேண்டும். வருந்த வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, மன்னிப்புக் கேட்க வேண்டிய கட்டாயமும் கிடையாது. 7,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் பெரும்பாலானவை தள்ளுபடியாயின. ஆணையம் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு ஆண்டுகள் தொடர்ந்து உதவித்தொகை தரப் பரிந்துரைத்தது. அரசு 2003இல் ஒரே தவணையாக 30,000 ராண்ட் கொடுத்து முடித்துக்கொண்டது. பொதுமன்னிப்பு பெற்றவர்களுக்கு அது உடனுக்குடன் கிடைத்தது, ஈட்டுத்தொகை தாமதமாக வந்தது, அதுவும் குறைந்து வந்தது.

அந்த நாட்களில் அங்கே ஒரு கதை பலர் வாயில் புழங்கியது. ஒருவன் இன்னொருவனின் சைக்கிளைத் திருடிக்கொண்டான். சில காலம் கழித்து, தினமும் அதே சைக்கிளில் போய்க்கொண்டே, வா, ஒப்புரவாகிவிடலாம் என்று பறிகொடுத்தவனைக் கூப்பிட்டான். என் சைக்கிள் என்ன ஆயிற்று என்றான் மற்றவன். சைக்கிள் பேச்சை ஏன் எடுக்கிறாய், நான் ஒப்புரவைப் பற்றியல்லவா பேசுகிறேன் என்றான் திருடியவன். ஆயிரம் பக்க அறிக்கை சொல்லாததை இந்தச் சைக்கிள் சொல்லிவிடுகிறது.

2006 ஆகஸ்டில் அட்ரியான் ஃபிளாக் பிரிட்டோரியாவில் அரசின் தலைமைச் செயலகமான யூனியன் பில்டிங்ஸுக்குப் போனார். சிக்கானே அப்போது அதிபர் அலுவலகத்தின் தலைமை அதிகாரி. அறைக்குள் வந்த முன்னாள் அமைச்சர் தம் வேதாகமத்தை நீட்டினார். ஆண்டவருக்கும் உமக்கும் விரோதமாகப் பாவம் செய்தேன், மன்னிப்பீரா என்ற பொருளில் அதில் எழுதியிருந்தது. பிறகு பையிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரை அதில் ஊற்றி, துண்டோடு குனிந்தார். சிக்கானே முதலில் கூசினார், பின்பு இணங்கினார். குண்டு வைக்கச் சொன்னவர், தம் காவல்துறை நஞ்சு வைத்த போதகரின் பாதத்தைக் கழுவினார்.

செய்தி வெளியானதும் நாடகம் என்றார்கள் சிலர். சேர்ந்து ஆட்சி செய்த மற்றவர்கள் வாய்மூடி இருக்க இவர் மட்டும் எங்களை அவமானப்படுத்துகிறாரே என்று முகம் சுளித்த ஆப்ரிக்கானர்களும் உண்டு. என் எண்ணம் வேறு. ஃபிளாக் அந்த அலுவலகத்துக்குள் நடந்துபோனது உண்மையான நடை. அந்த ஆட்சியின் அமைச்சர்களில் அவரளவுக்குக் குனிந்தவர் இல்லை. மமெலோடியில் 1986இல் கொல்லப்பட்ட பத்து இளைஞர்களின் தாய்மார்களிடமும் போய் அதே பாத்திரத்தோடு குனிந்தார். கடைசிக் காலத்தில் வீடற்றவர்களைத் தம் வீட்டில் தங்கவைத்தார். ஏழைக் குடியிருப்புகளுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுத்தார். 2023 ஜனவரியில் இறக்கும் வரை இது தொடர்ந்தது.

அதே சமயம் கணக்கு அத்தோடு மூடப்படவில்லை. பாதம் கழுவிய மறு ஆண்டில், சிக்கானேயைக் கொல்ல முயன்ற வழக்கில் ஃபிளாக்கும் முன்னாள் காவல்துறைத் தலைவர் யோஹான் ஃபன்டர்மெர்வேயும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தண்டனை பத்தாண்டு, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது, அவர்கள் சிறைக்குப் போகவில்லை. கொலைப் பட்டியல்களைத் தயாரித்தவர்கள் யார், மேலே யாருக்கெல்லாம் தெரிந்திருந்தது என்ற முழு விவரமும், குற்றத்தை ஒப்புக்கொள்ள அரசுத் தரப்போடு அவர்கள் செய்த ஒப்பந்தத்தில் வெளிவரவில்லை என்ற குறை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. தண்ணீர் இருந்தது, துண்டு இருந்தது, கண்ணீரும் இருந்தது. முழு உண்மை மட்டும் பாத்திரத்தில் வரவில்லை. சைக்கிள் என்பது எப்போதும் நிலமாகவோ பணமாகவோ இருக்க வேண்டியதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, அவனை யார் எங்கே கொண்டுபோனார்கள் என்ற தகவலே அவளிடமிருந்து எடுக்கப்பட்ட பொருள்.

இவ்வளவு பெரிய அரங்கிலிருந்து வீட்டுக்குள் இறங்கினால் கேள்வி மாறுவதில்லை, ஆபத்து கூடுகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் மக்நல்ட்டி, புதிதாக மணமான தம்பதிகளை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். எளிதில் மன்னித்துவிடும் இயல்புள்ளவர்களின் துணைவர்கள், ஆண்டுகள் கடந்தும் அதே அளவு வசைச்சொல்லும் கைநீட்டலும் கொண்டிருந்தார்கள். அவ்வளவு எளிதில் மன்னிக்காதவர்களின் துணைவர்களிடம் அது குறைந்தது. மன்னிப்பே கெட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. பிழை செய்தவர் அதற்காக எதையும் இழக்காமல், ஒரு மாற்றமும் காட்டாமல் கிடைத்துவிடும் மன்னிப்பைப் பற்றியே இந்த எச்சரிக்கை.

கணவன் அடிக்கிறான் என்று போதகரிடம் வரும் பெண்ணுக்கு நம் சபைகளில் பெரும்பாலும் என்ன சொல்லப்படுகிறது என்பது ஊரறிந்தது. “பொறுத்துக்கோம்மா, ஜெபம் பண்ணு, கர்த்தர் அவரைத் தொடுவார்.” நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதுதான். ஆனால் மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தின்படி அந்தப் போதகர் அவளோடு கூடப் போக வேண்டிய இரண்டொருவரில் ஒருவர். அவளை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது அவர் வேலை இல்லை. அவன் வீட்டு வாசலில் போய் நிற்பது அவர் வேலை. அவள் மனதுக்குள் எப்போது மன்னிக்கிறாள் என்பது அவளுக்கும் தேவனுக்கும் உள்ள விஷயம், அதற்கு வெளியாள் நாள் குறிக்க முடியாது. அவள் அந்த வீட்டுக்குத் திரும்புகிறாளா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது அவனுடைய மனந்திரும்புதல், அதுவும் மாதங்கள் பொறுத்துப் பார்க்கக்கூடிய மனந்திரும்புதல். இரண்டையும் ஒன்றாகக் கட்டி அவள் தலையில் வைப்பதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை.

தமிழ்நாட்டின் பெரிய சீர்திருத்தச் சபைக்கு ஒப்புரவில் பெருமைப்படத்தக்க ஒரு பங்கும் உண்டு. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபையாயின. நூற்றாண்டுகளாக ஒருவர் ஊழியத்தை ஒருவர் முழுதாக ஒப்புக்கொள்ளாதிருந்தவர்கள் அவர்கள். 1950இல் வெளிவந்த அதன் நற்கருணை ஆராதனை முறையில், கேரளச் சுரியானி மரபிலிருந்து எடுத்து, சமாதானத்தைக் கையால் பகிரும் வழக்கத்தைச் சேர்த்தார்கள். பீடத்திலிருந்து புறப்படும் சமாதானம் உள்ளங்கையிலிருந்து உள்ளங்கைக்கு மாறி, வரிசை வரிசையாகக் கடைசி இருக்கை வரை போக வேண்டும். காணிக்கைக்கு முன்பே அது வைக்கப்பட்டிருக்கிறது. மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தின் வரிசைப்படி. உலகின் பல சபைகள் பின்னர் தங்கள் ஆராதனை முறைகளைத் திருத்தியபோது இந்த வழக்கத்தைக் கவனித்துப் பார்த்தன.

நடைமுறையில் அது அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்துப் புன்னகைத்துக் கை குவிக்கிறோம். அவரோடு நமக்குச் சண்டையே இல்லை. சண்டை உள்ளவர் எதிர்வரிசையில் இருப்பார், அல்லது அவர் காலை ஆராதனைக்கு வருவார் என்று தெரிந்து நாம் மாலை ஆராதனைக்குப் போவோம். திருமண்டலத் தேர்தல் முடிந்த கையோடு தொடங்கும் வழக்குகள் எத்தனை என்று தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சகோதரன் சகோதரன்மேல் அவிசுவாசிகளின் முன் வழக்காடுவதைப் பார்த்துப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை, அந்த வழக்குகளின் இரு தரப்புமே நன்றாக அறிவார்கள்.

சாதி விஷயத்தில் அறிக்கைகளுக்குப் பஞ்சம் இல்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தை இரண்டாகப் பிரித்த சுவரைப் பற்றி நாடே அறிந்திருந்தது. இறந்த பிறகும் தனி மேசை. 1857இன் கேப் மாமன்றம் எழுத்தில் வைத்ததை இங்கே செங்கல்லில் வைத்தார்கள். யோங்கர் சொன்னதைப் போன்ற வார்த்தைகள் நம்மிடமும் எழுத்தில் வந்துவிட்டன. பங்குதோறும் உட்கார்ந்து, கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை, பள்ளியிலும் கல்லூரியிலும் யாருக்கு எத்தனை வேலை, திருவிழாத் தேர் எந்தத் தெரு வரை போகிறது, பங்குப் பேரவையில் யார் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் கணக்கெழுதும் வேலை பெரும்பாலான இடங்களில் இன்னும் தொடங்கவே இல்லை. அந்த நோட்டை எழுத வேண்டியவர்கள் தலித் கிறிஸ்தவர்கள் அல்லர். அவர்கள் தங்கள் பங்குக்கு எழுதி, மனு கொடுத்து, பல தடவை நடந்தாயிற்று.